ஃபிலாசஃபி: முழு மேஜரா, இன்னொண்ணோட சேத்தா, இல்ல தானா படிச்சுக்கிட்டா போதுமா?

"ஃபிலாசஃபி எடுத்தா வேலை கிடைக்குமா?"ன்னு யாராச்சும் கேட்டா, எப்படி எடுக்கப் போறீங்கன்னு தான் நான் மொதல்ல திருப்பிக் கேப்பேன். ஏன்னா மூணு நாலு வருஷமும் அதையே மேஜரா, அதாவது முக்கியப் பாடமா படிக்கறது ஒண்ணு, வேற சப்ஜெக்ட்டோட ரெண்டாவது மேஜராவோ மைனராவோ (சில கோர்ஸ் மட்டும் எடுக்கற துணைப் பாடமாவோ) வச்சுக்கறது ஒண்ணு, பிபிஇ (ஃபிலாசஃபி, அரசியல், எகனாமிக்ஸ் சேந்தது) மாதிரி கலந்து கட்டின டிகிரி ஒண்ணு, டிகிரி வேற எதுலயாச்சும் வாங்கிட்டு இதை ராத்திரில தானா படிச்சுக்கறேன்னு சொல்றது ஒண்ணு. நாலுலயும் கடைசில கைக்கு வர்றது வேற வேற. நான் ரெண்டாவது வகை, கம்ப்யூட்டர் சயின்ஸையும் ஃபிலாசஃபியையும் சேத்துப் படிச்சுட்டு இப்ப சாஃப்ட்வேர் வேலைல இருக்கேன், அதனால நான் சொல்றது கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும், அதைக் கழிச்சுட்டே படிங்க.

ஒப்பிடறதுக்கு முன்னாடி, இந்தப் படிப்புல உண்மையிலயே என்ன கிடைக்குதுன்னு சொல்லிடறேன், அது புரியலன்னா மத்த கணக்கெல்லாம் வேஸ்ட். ஸ்கூல்ல கட்டுரைன்னா எனக்கு எப்பவும் நல்ல மார்க் தான், அந்தத் தெம்புல மொத ஃபிலாசஃபி பேப்பர ஒரே ராத்திரில எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தப்ப பாத்தா, எழுத்துப்பிழை திருத்தல, கருத்து தப்புன்னும் சொல்லல, பக்கத்துக்கு ரெண்டு மூணு எடத்துல "எனவே"ங்கற வார்த்தைய மட்டும் வட்டம் போட்டு, ஓரத்துல "இது எங்கேருந்து வந்துச்சு?"ன்னு எழுதியிருந்தாங்க. அவ்ளோ தான். கோவமா ப்ரொஃபசர் ரூமுக்குப் போனேன். அவங்க அமைதியா, "ஒவ்வொரு எனவேயையும் சத்தமா படி, அதுக்கு மேல இருக்கற எந்த வரி அதைத் தாங்குதுன்னு விரல் வச்சுக் காட்டு"ன்னாங்க. மொதல் எனவேக்குக் காட்டிட்டேன், ரெண்டாவதுக்கு சமாளிச்சேன், மூணாவதுல வாயடைச்சுப் போச்சு. திருப்பி எழுதினப்ப பேப்பர் பாதியா சுருங்கிடுச்சு, மிச்சம் இருந்த பாதி மட்டும் தான் நான் உண்மையிலயே சொல்ல வந்தது.

இந்தப் படிப்போட சரக்கு இது தான்னு நான் நினைக்கறேன். பிளேட்டோ என்ன சொன்னாரு, கான்ட் என்ன சொன்னாருங்கறதெல்லாம் ரெண்டு வருஷத்துல பாதி மறந்துடும். நம்ம வாதத்த இன்னொருத்தர் எடுத்து ஓட்டை போட, நாம அடைக்க, அவங்க வேற எடத்துல போட, அந்தப் பழக்கம் மட்டும் கைல ஒட்டிக்கும்.

வேலைல இது எப்படி வருதுன்னு ஒண்ணு சொல்றேன். நியாயம்னு தர்க்கத்துக்குப் பேர் போன பழைய இந்தியத் தத்துவ மரபு ஒண்ணு, அதுல ஒரு உதாரணம் உண்டு, மலை மேல புகை தெரியுது, புகை இருக்கற எடத்துல தீ இருக்கும், அதனால மலைல தீ இருக்கு. இது சரி. அப்படியே திருப்பிப் போட்டு, தீ இருக்கு அதனால புகை இருக்கும்னு சொன்னா தப்பு, ஏன் தப்புன்னும் அவங்களே காட்டியிருக்காங்க, பழுக்கக் காய்ச்சின இரும்புக் குண்டுல தீ இருக்கு, புகை இல்ல. கேக்கும்போது இதெல்லாம் ஒரு விஷயமான்னு தோணும். ஆனா ஒரு நாள் ராத்திரி மூணு மணிக்கு எங்க சிஸ்டம் படுத்துடுச்சு, ஃபோன் கால்ல ஏழு பேர், எல்லாரும் அரைத்தூக்கம். ஒருத்தர் சொல்றார், டிராஃபிக் அதிகமானா சர்வர் ஸ்லோவாகும், சர்வர் ஸ்லோவா இருக்கு, அதனால டிராஃபிக் தான் காரணம், இன்னும் பத்து மெஷின் போடுங்க. போட்டாங்க. இன்னும் மோசமாச்சு, ஏன்னா ஸ்லோவானதுக்குக் காரணம் டேட்டாபேஸ்ல ஒரு லாக், அதாவது ஒரு வேலை முடியற வரைக்கும் மத்ததெல்லாம் காத்திருக்க வைக்கற பூட்டு, புது மெஷின் எல்லாம் போய் அதே லாக்குக்கு வரிசைல நின்னுச்சு. ஸ்லோவாக நூறு காரணம் இருக்கலாம், ஸ்லோங்கறத மட்டும் வச்சு ஒரே ஒரு காரணத்துக்குத் தாவ முடியாது. இதை நான் அன்னிக்கு உடனே கண்டுபிடிச்சேன்னு பீத்திக்க மாட்டேன், நானும் தான் மெஷின் போடச் சொல்லித் தலையாட்டினேன். ஆனா மறுநாள் நடந்தத எழுத உக்காந்தப்ப எந்த "அதனால" உடைஞ்சுதுன்னு அஞ்சு நிமிஷத்துல விரல் வைக்க முடிஞ்சுது, அது அந்த லாஜிக் கிளாஸோட தயவு.

இப்ப ஒப்பீட்டுக்கு வருவோம். மொதல்ல தானா படிக்கற வழிய பாத்துடலாம், நெறைய பேர் இதைத் தான் சொல்றாங்க. செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். 1995ல ஆரம்பிச்ச ஸ்டான்ஃபோர்ட் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபிலாசஃபி இன்டர்நெட்ல இலவசமா இருக்கு, ஒவ்வொரு கட்டுரையும் அந்தத் துறை ஆளே எழுதி, அப்பப்போ புதுப்பிச்சுட்டும் இருக்காங்க, நானே இன்னிக்கும் அதைத் தான் தொறக்கறேன். விஷயம் தெரிஞ்சுக்க மட்டும் தான் ஆசைன்னா இது தாராளமா போதும். ஆனா பழக்கம் வராது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு ஃபிலாசஃபி மொத்தத்தையுமே கிண்டல் பண்றவங்க உண்டு, என்னைக் கேட்டா அந்தப் பழமொழி சரியாப் பொருந்தறது இந்த வழிக்குத் தான். படிச்சது எல்லாமே நமக்குப் புரிஞ்ச மாதிரியே இருக்கும், புரியலன்னு சொல்ல பக்கத்துல ஆள் இருக்காது.

உதாரணத்துக்கு கெட்டியர்னு ஒரு ஃபிலாசஃபர் 1963ல எழுதின பேப்பர், மொத்தமே மூணு பக்கம். ஒரு விஷயம் உண்மையா இருந்து, அதை நாம நம்பி, நம்பறதுக்குத் தகுந்த காரணமும் நம்மகிட்ட இருந்தா அது "தெரிஞ்சது"ன்னு ஆகிடுமா? ஆகாதுங்கறார். இதுக்குப் பொருத்தமான எளிய உதாரணம் ரஸ்ஸல்ங்கற இன்னொரு ஃபிலாசஃபர் சொன்ன நின்னுபோன கடிகாரம், அதைப் பாத்து மணி மூணுன்னு நினைக்கறீங்க, தற்செயலா அப்ப மணி மூணே தான். உங்களுக்கு மணி தெரியுமா தெரியாதா? தானா படிச்சா இதை பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு அட சூப்பர்னு அடுத்ததுக்குப் போயிடுவோம். கிளாஸ்ல நாங்க மூணு வாரம் அங்கயே நின்னோம், ஆளாளுக்கு ஒரு ஒட்டு போட்டு சரி பண்ணப் பாப்போம், பக்கத்து பெஞ்ச் ஆள் அதை உடைக்கறதுக்கு ஒரு கதை கட்டுவான். அந்த மூணு வாரத்தோட பலன் எனக்கு எங்க கிடைச்சுதுன்னா, சாஃப்ட்வேர் சரியா ஓடுதான்னு பாக்கற எங்க டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டுச்சு, ப்ரோகிராம் கோடும் சரியா தான் இருந்துச்சு, ஆனா அந்த டெஸ்ட் அந்த ப்ரோகிராம் கோட ஓட்டவே இல்ல. நின்னுபோன கடிகாரமே தான். டீம்ல யாருக்கும் இதுல என்ன பிரச்சனைன்னு புரிய வைக்க முடியல, கோடு தான் சரியா இருக்கேன்னாங்க, கடைசில கடிகாரக் கதைய சொன்ன அப்பறம் தான் புரிஞ்சுது.

அடுத்தது முழு மேஜர். காலேஜ் டிபார்ட்மெண்ட் எல்லாம் விளம்பரத்துக்கு வைக்கறது ரெண்டு விஷயம், ஒண்ணு பரீட்சை ஸ்கோர், இன்னொண்ணு பெரிய ஆளுங்க பேர். பேர மொதல்ல முடிச்சுடறேன். ஸ்லாக்ங்கற ஆபீஸ் சாட் ஆப் ஆரம்பிச்ச ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட், லிங்க்ட்இன் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ரீட் ஹாஃப்மன், பங்குச்சந்தை ஜார்ஜ் சோரோஸ், கார்ல் ஐகான், எல்லாம் ஃபிலாசஃபி படிச்சவங்க தான், உண்மை. ஆனா இந்த மாதிரி லிஸ்ட்ட காட்டி மேஜர் எடுக்கச் சொல்றது ஃபிலாசஃபி கிளாஸ்லயே ஃபெயில் ஆகற வாதம், ஃபிலாசஃபி படிச்சு கோடீஸ்வரன் ஆகாத ஆளுங்க லிஸ்ட் எவ்ளோ நீளம்னு யாரும் போடறது இல்ல. அதுவும் ஹாஃப்மன் ஆக்ஸ்ஃபோர்ட்ல ஃபிலாசஃபி மாஸ்டர்ஸ் போறதுக்கு முன்னாடி ஸ்டான்ஃபோர்ட்ல படிச்சது சிம்பாலிக் சிஸ்டம்ஸ், கம்ப்யூட்டரும் மனசும் மொழியும் கலந்த படிப்பு. அவரும் நம்ம ரெண்டாவது வகை தான், சும்மா சொன்னேன்.

பரீட்சை ஸ்கோர் கொஞ்சம் கனமான விஷயம். அமெரிக்காவுல மேல்படிப்புக்கு எழுதற ஜிஆர்இல வெர்பல், அனலிட்டிகல் ரைட்டிங் ரெண்டுலயும் ஃபிலாசஃபி மாணவர்கள் வருஷக்கணக்கா உச்சத்துல இருக்காங்க. லா ஸ்கூலுக்கு எழுதற எல்சாட்லயும் மேல் வரிசை தான். இதைக் கேட்ட உடனே வர வேண்டிய சந்தேகம், படிப்பு அவங்கள அப்படி ஆக்குச்சா இல்ல ஏற்கனவே அப்படி இருக்கறவங்க தான் அந்தப் படிப்புக்குப் போறாங்களாங்கறது. பாஸ்கெட்பால் ஆடினா உயரமாவோம்னு நினைச்ச கதையா ஆகிடக் கூடாது இல்லையா. 2025ல இதையே எடுத்து ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு, அஞ்சு லட்சத்துக்கும் மேல அமெரிக்க காலேஜ் மாணவர்களோட டேட்டா, அவங்க காலேஜுக்குள்ள வரும்போதே எங்க இருந்தாங்கங்கறதையும் கணக்குல எடுத்து சரி பண்ணிப் பாத்திருக்காங்க. முடிவு, உள்ள வரும்போதே ஃபிலாசஃபி ஆளுங்க கொஞ்சம் மேல தான், ஆனா அதைக் கழிச்ச அப்பறமும் படிப்பால ஏறினது மிச்சம் இருக்கு. சந்தேகத்துல பாதி சரி, பாதி தப்பு. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச மாதிரியான முடிவு.

எல்சாட் பத்தி இன்னொண்ணு, 2024 ஆகஸ்ட்லேருந்து அதுல லாஜிக் கேம்ஸ்னு இருந்த புதிர்ப் பகுதிய எடுத்துட்டாங்க, இப்ப மார்க் எண்ணற மூணு பகுதில ரெண்டு லாஜிகல் ரீசனிங், அதாவது சின்னச் சின்ன வாதத்தக் கொடுத்து ஓட்டை எங்கன்னு கேக்கறது. எனவேக்கு வட்டம் போடறதே தான். அதனால டிகிரி முடிச்சுட்டு அப்பறமா லா படிக்கற நாட்டுல இருக்கறவங்களுக்கு முழு மேஜர் நல்ல ரூட். ஸ்கூல் முடிச்ச கையோட நேரா லா காலேஜ்ல சேர்ற நாடா இருந்தா இந்த லாபம் கிடையாது, வக்கீல் ஆகணும்னா லா தான் எடுக்கணும், இதுல சுத்தி வளைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

சம்பளக் கணக்கு. 2008ல சம்பள விவரம் சேகரிக்கற பேஸ்கேல்ங்கற கம்பெனி போட்ட ஒரு பட்டியல இன்னிக்கும் ஃபிலாசஃபி ஆதரவாளர்கள் தூக்கிட்டு வருவாங்க, அமெரிக்காவுல பேச்சலர்ஸ் டிகிரியோட நிறுத்திக்கிட்டவங்க சம்பளம். ஃபிலாசஃபி ஆரம்பத்துல 39,900 டாலர், வேலைல நடுப்பகுதிக்கு வரும்போது 81,200, வளர்ச்சி 103.5 சதவீதம், மேத்ஸோட சேந்து பட்டியல்லயே மொதல் எடம். கேக்க பிரமாதமா இருக்கா? அதே பட்டியல்ல கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் ஆரம்பமே 61,400, நடுப்பகுதில 1,05,000, வளர்ச்சி வெறும் 71 சதவீதம். சதவீதத்துல ஃபிலாசஃபி ஜெயிச்சுது, பணத்துல இன்ஜினியரிங் மொதல் நாள்லேருந்து கடைசி வரைக்கும் முன்னாடி தான். தொகை இப்ப எவ்ளோ மாறியிருந்தாலும் நான் கவனிச்ச வரைக்கும் உருவம் அதே தான், மொதல் வேலை கிடைக்க லேட்டாகும், கம்மியாவும் கிடைக்கும், அப்பறம் எழுத, பேச, முடிவெடுக்கத் தெரிஞ்சவங்கள மேல தூக்கற கட்டம் வரும்போது வேகம் பிடிக்கும். அந்த மொதல் மூணு வருஷத்த தாங்க முடியுமாங்கறது தான் கேள்வி, தலைல கடன் இருக்கறவங்களுக்கு நான் தயங்காம வேண்டாம்னு தான் சொல்வேன். ஏன்னா ரெஸ்யூமேய பாக்கற ஆள் உங்க எனவேக்கள பாக்கறது இல்ல, எக்ஸெல் தெரியுமா, இன்டர்ன்ஷிப் பண்ணியா, அதைத் தான் பாக்கறாங்க. முழு மேஜர் எடுத்து நல்லா வந்த என் கிளாஸ்மேட்ஸ் எல்லாருமே மூணாவது வருஷத்துக்குள்ள வெளிய ஏதோ ஒண்ணைப் பிடிச்சிருந்தாங்க, ஒருத்தி ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஒருத்தன் பத்திரிகை. எதையும் பிடிக்காம ஹெகல்ங்கற கஷ்டமான ஜெர்மன் ஃபிலாசஃபர மட்டும் கரைச்சுக் குடிச்சவன் ரொம்ப நாள் கஷ்டப்பட்டான், அறிவுல எங்க எல்லாரையும் விட மேல இருந்தவன் அவன் தான்.

பிஹெச்டி பண்ணி ப்ரொஃபசர் ஆகறதுன்னா அது வேற கணக்கு, அஞ்சாறு வருஷத்துக்கு மேல போகும், முடிக்கறவங்க எண்ணிக்கைக்கு நிரந்தர வேலை ரொம்ப கம்மி. ஸ்காலர்ஷிப் இல்லாம சொந்தக் காசுல போகாதீங்க.

பிபிஇ, அதாவது ஃபிலாசஃபி, அரசியல், எகனாமிக்ஸ் மூணும் சேந்த டிகிரி. ஆக்ஸ்ஃபோர்ட்ல 1920கள் தொடக்கத்துலேருந்து இருக்கு, இப்ப பல நாட்டுல அதே பேர்ல நடத்தறாங்க. அரசு வேலை, பாலிசி, பத்திரிகைன்னு போறவங்களுக்கு இது நல்ல சட்டை, பேரக் கேட்டா வேலை கொடுக்கறவங்களுக்கும் உடனே புரியும். ஆனா மூணு பேரு சேந்து ஒரு கட்டிலத் தூக்கற மாதிரி, சில காலேஜ்ல ஃபிலாசஃபி பக்கம் சும்மா கைய வச்சுட்டு கூட நடந்து வரும். கட்டாய லாஜிக் பேப்பர் இருக்கான்னு மட்டும் பாருங்க, இல்லன்னா அது எகனாமிக்ஸ் டிகிரி தான், பேர் மட்டும் நீளம்.

அப்பறம் என் கட்சி, ரெண்டாவது மேஜர் இல்ல மைனர். இதுக்கு என்கிட்ட இருக்கற பெரிய சாட்சி கிளாட் ஷானன், கம்ப்யூட்டர் சர்க்யூட்டுக்கு அடித்தளம் போட்டவர். மிச்சிகன் யுனிவர்சிட்டில அவர் படிச்சது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங்கும் மேத்ஸும், நடுவுல ஒரே ஒரு ஃபிலாசஃபி கோர்ஸ் எடுத்தார், அதுல ஜார்ஜ் பூல்ங்கற கணித மேதையோட லாஜிக், அதாவது உண்மை, பொய்ய வச்சுக் கணக்கு போடற முறை வந்துச்சு, 1854லேருந்து புஸ்தகத்துல தூங்கிட்டு இருந்த சமாச்சாரம். அப்பறம் எம்ஐடி போய் ரிலேங்கற, கரண்ட்டால ஆனும் ஆஃபும் ஆகற ஸ்விட்ச்ச பாத்தப்ப ஆன், ஆஃப், உண்மை, பொய், எல்லாம் ஒண்ணு தானேன்னு பிடிச்சுக்கிட்டார், 1937ல எழுதின மாஸ்டர்ஸ் தீசிஸ் அது தான், இன்னிக்கு நாம டைப் பண்ற மெஷின்ல இருக்கற ஒவ்வொரு சிப்பும் அந்த யோசனை மேல நிக்குது. ஸ்விட்ச் மட்டும் தெரிஞ்சவங்க அப்ப ஏகப்பட்ட பேர், பூல் மட்டும் தெரிஞ்சவங்களும் இருந்தாங்க, ரெண்டும் ஒரே மண்டைக்குள்ள இருந்தது தான் அதிசயம். ஆமா ஆமா, இதுவும் ஒரு பெரிய ஆளக் காட்டி வாதம் பண்றது தான், மேல நான் திட்டின அதே தப்பு. ஆனாலும் இதுல ஒரு வித்தியாசம் இருக்கு, அவர் ஜெயிச்சாருங்கறத நான் காட்டல, அந்த கோர்ஸ் அந்த வேலைக்குள்ள எந்த வழியா நுழைஞ்சுதுன்னு காட்ட முடியுது.

இதுல செலவு என்னன்னா நேரம், அதை யாரும் சரியா சொல்றது இல்ல. லேப் அசைன்மெண்டுக்கும் ஃபிலாசஃபி பேப்பருக்கும் கெடு ஒரே வாரத்துல வரும், லேப் ஓடினா முடிஞ்சுது, பேப்பர் முடியவே முடியாது, பாக்கப் பாக்க ஓட்டை தெரியும். என் கோடிங் மார்க் ரெண்டு செமஸ்டர் கீழ போச்சு, அதுக்கு இன்டர்வியூல பதில் சொல்ல வேண்டி வந்துச்சு. மைனர்ல வேற ஆபத்து, ஈஸியா மார்க் வர்ற கோர்ஸா பொறுக்கி எடுத்துட்டு, வாழ்க்கையின் அர்த்தம்னு ரெண்டு, சினிமாவும் தத்துவமும்னு ஒண்ணு, முடிச்சா ஒண்ணும் மிஞ்சாது. மைனர்னா என் சிபாரிசு ஃபார்மல் லாஜிக் ஒண்ணு, அறிவு பத்தினதோ அறம் பத்தினதோ நெறைய எழுத வைக்கற கோர்ஸ் ரெண்டு, அப்பறம் உங்க மெயின் சப்ஜெக்ட்டோட ஒட்டின ஒண்ணு, சயின்ஸ் ஆளுன்னா ஃபிலாசஃபி ஆஃப் சயின்ஸ், மருத்துவம் பக்கம்னா பயோஎத்திக்ஸ், எகனாமிக்ஸ்னா டிசிஷன் தியரி. ஏஐ எத்திக்ஸ்னு இப்ப எல்லாரும் சொல்றாங்களே, அந்த வேலைங்க இருக்கு, ஆனா பெரும்பாலும் மெஷின் லேர்னிங்கோ சட்டமோ தெரிஞ்சு கூடவே இதையும் படிச்சவங்களுக்குத் தான் போகுது, எத்திக்ஸ் மட்டும் வச்சுக்கிட்டு போனவங்களுக்கு ரொம்ப அரிது.

இலக்கியமோ பொலிட்டிகல் சயின்ஸோ எடுத்தா இந்தப் பழக்கம் வராதான்னா, வரும், நல்லா எழுத வைக்கற எந்தப் படிப்புலயும் கொஞ்சம் வரும். ஆனா அங்க வாதம் தப்பா இருந்தாலும் தகவலோ நடையோ காப்பாத்திடும், ஃபிலாசஃபில ஒளிஞ்சுக்க எடம் இல்ல.

நாலுல எது எடுத்தாலும் அதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க, பேர விட இது முக்கியம். நீங்க சேரப் போற டிபார்ட்மெண்ட்ல ஃபிலாசஃபி எப்படி நடத்தறாங்கன்னு பாருங்க. சில எடத்துல யார் எப்ப பொறந்தாரு, அவரோட அஞ்சு கோட்பாடு என்னன்னு மனப்பாடம் பண்ணி பரீட்சைல கக்கறது தான், அங்க மேஜர் எடுத்தாலும் நான் சொன்ன எந்த லாபமும் கிடையாது, டிகிரி பேர் மட்டும் மிஞ்சும், அந்தப் பேருக்கு மார்க்கெட்ல மதிப்பு கம்மின்னு மேலயே சொல்லிட்டேன். சீனியர்ஸ் யாரையாச்சும் பிடிச்சு, ஒரு செமஸ்டர்ல எத்தனை பேப்பர் எழுதினீங்க, கமென்ட் போட்டுத் திரும்பி வந்துச்சா, திருத்தி மறுபடி கொடுக்க விடறாங்களான்னு கேளுங்க. முடிஞ்சா ஒரு பழைய பேப்பர வாங்கி ஓரத்தப் பாருங்க, "நன்று"ன்னு மட்டும் இருந்தா யோசிங்க.

என்னைக் கேட்டா, டிகிரிக்கு அப்பறம் லா போற திட்டம் இருந்தா, இல்ல கடன் இல்லாம மூணு வருஷம் தாங்க முடியும்னா முழு மேஜர். அரசு, பாலிசின்னா பிபிஇ. டிபார்ட்மெண்ட் மனப்பாட டைப்பா இருந்தா வேற சப்ஜெக்ட் எடுத்துட்டு தானா படிங்க, கூட ரெண்டு பேர சேத்துக்கிட்டு மாசம் ஒரு பேப்பர் எழுதி ஒருத்தர் எழுத்த ஒருத்தர் கிழிங்க, ஃப்ரெண்ட்ஷிப் தாங்குமான்னு நான் கேரண்டி தர மாட்டேன். மத்த எல்லாருக்கும், அதாவது பெரும்பாலானவங்களுக்கு, சோறு போடற ஒரு சப்ஜெக்ட், கூட ஃபிலாசஃபி. இன்னும் குழப்பமா இருந்தா எதையும் டிக்ளேர் பண்ணாம மொத செமஸ்டர்ல ஃபார்மல் லாஜிக்க மட்டும் போட்டுப் பாருங்க, மொத மூணு வாரம் ட்ரூத் டேபிள் (ஒரு வாக்கியம் எப்ப உண்மை, எப்ப பொய்னு போடற அட்டவணை) தான், ஈஸியா இருக்கும், நாலாவது வாரம் ப்ரூஃப் ஆரம்பிக்கும்போது தான் பிடிக்குதா இல்லையான்னு தெரியும், அதனால கோர்ஸ டிராப் பண்ற கடைசி தேதி அதுக்கு அப்பறம் வருதான்னு மட்டும் மொதல்லயே பாத்து வச்சுக்கங்க.